அட்வான்ஸ் கொடுக்கும் முன் பின்சுவரைப் பாருங்கள்

கடை வைக்க இடம் தேடுகிறவர்கள் என்னவெல்லாம் பார்ப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். தெருவில் ஆள் நடமாட்டம் எப்படி, முகப்பு எத்தனை அடி, பக்கத்தில் என்ன வியாபாரம், வாசல் எந்தத் திசை, அட்வான்ஸ் எத்தனை மாத வாடகை. அப்புறம் ஷட்டரைத் தூக்கி உள்ளே போய், ரேக் எங்கே வரும், கல்லா எங்கே வரும், சாமி படத்தை எங்கே மாட்டலாம் என்று மனதுக்குள் அளந்து பார்ப்பார்கள். பின்சுவரைத் தட்டி, "இதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? இதில் ஒரு கதவு வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறவர்கள் மிகக் குறைவு.

தீப் பாதுகாப்பு என்றதும் நினைவுக்கு வருவது சுவரில் தொங்கும் சிவப்பு சிலிண்டரும், தீயணைப்புத் துறையில் வாங்க வேண்டிய காகிதமும்தான். இரண்டும் தேவை. ஆனால் உள்ளே இருப்பவர் பிழைப்பாரா மாட்டாரா என்பது வேறு விஷயங்களில் இருக்கிறது. கடைக்கு எத்தனை வழி, மாடிப்படி எங்கிருந்து தொடங்குகிறது, மின் மீட்டர் எங்கே மாட்டியிருக்கிறது, வயர் எத்தனை வருஷத்துப் பழசு, மேலே யார் குடியிருக்கிறார்கள். எல்லாம் கட்டிடத்தோடு வருபவை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கிய பிறகு இவற்றை மாற்றுவது கடினம். சின்னக் கடையின் தீப் பாதுகாப்பு, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

கீழே கடை, மேலே வீடு

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை காலை. ஐதராபாத்தில் சார்மினாருக்கு அருகே குல்சார் ஹவுஸ் பகுதியில் ஒரு கட்டிடம் தீப்பிடித்தது. கீழே நகைக் கடைகள், மேலே கூட்டுக் குடும்பம் ஒன்றின் வீடு. 17 பேர் இறந்தார்கள், அவர்களில் 8 பேர் குழந்தைகள். அது ஒன்றும் வானளாவிய கட்டிடம் இல்லை, நம் ஊர்க் கடைத்தெருவில் வரிசையாகப் பார்க்கும் இரண்டு மாடிக் கட்டிடம் போன்றதுதான். உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே குறுகலான பாதை, ஒரே படி. தீ அந்தப் பாதையின் பக்கம் இருந்தது, மனிதர்கள் மேலே இருந்தார்கள். பெரும்பாலானோரைக் கொன்றது புகை.

அதற்கு ஓராண்டு முன்பு, 2024 ஏப்ரல் 3 அதிகாலை, மகாராஷ்டிரத்தின் சத்ரபதி சம்பாஜிநகரில் (பழைய பெயர் ஔரங்காபாத்) ஒரு தையல் கடை எரிந்தது. கடைக்கு மேலே தூங்கிக்கொண்டிருந்த ஒரே குடும்பத்தினர் 7 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். 2023 ஆகஸ்ட் 30 அன்று புனேயை ஒட்டிய பிம்ப்ரி சிஞ்ச்வட்டில் மின்சாமான்கள், ஹார்டுவேர் விற்கும் கடை ஒன்றில் தீ. கடையின் பரணிலேயே தங்கியிருந்த கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என நான்கு பேரும் போய்விட்டார்கள். 2019 மே 9 அன்று அதே புனே அருகே ஒரு சேலைக் கடையில் தூங்கிய 5 ஊழியர்கள் இறந்தார்கள். அந்தக் கடை வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தது.

இந்த நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. நான்குமே சாதாரணக் கடைகள். எதிலும் விசித்திரமான வேதிப்பொருள் இல்லை. துணி, நகைப் பெட்டி, வயர் சுருள். ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரம், ஒரே வழி, அந்த வழியை மறித்துக்கொண்டு தீ. அமைப்பு நான்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நம்மிடமும் இதே அமைப்பு எங்கும் இருக்கிறது. கீழே கடை, மேலே வீடு என்பது சிக்கனமான, புத்திசாலித்தனமான ஏற்பாடு. பல குடும்பங்கள் அப்படித்தான் முன்னுக்கு வந்திருக்கின்றன. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. பார்க்க வேண்டியது மாடிப்படி. படி தெருவிலிருந்தே தனியாக ஏறுகிறதா, கடைக்குள்ளிருந்து ஏறுகிறதா? கடைக்குள்ளிருந்து ஏறினால், கடையில் பிடித்த தீயின் புகைபோக்கியாக அந்தப் படிக்கட்டுதான் வேலை செய்யும். சூடான புகை மேலே போக வழி தேடும், படிக்கட்டைவிட நல்ல வழி அதற்குக் கிடையாது. மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தால், மேலே ஓடியவர்களுக்கும் வழி அடைந்துவிடும்.

இன்னொரு காட்சியும் நமக்குப் பழகிப்போனது. தெருவிலிருந்து தனியாக ஏறும் படிதான், ஆனால் படிக்குக் கீழே இபி மீட்டர் பெட்டிகள் வரிசையாக, அவற்றை ஒட்டி நாலைந்து இருசக்கர வாகனங்கள், அதற்குப் பக்கத்தில் கடையின் காலி அட்டைப்பெட்டிகள். 2017 மே மாதம் சென்னை வடபழனியில் ஒரு குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நிறுத்தியிருந்த வண்டிகள் எரிந்தபோது, மாடியில் இருந்த நான்கு பேர் புகையில் சிக்கி இறந்தார்கள். அது கடை இல்லை, குடியிருப்பு. ஆனால் படிக்கட்டின் அடியில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

புகையைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். தீ எரியும் அறையில் புகை முதலில் கூரையில் படரும், பிறகு ஒரு போர்வை இறங்குவது போலக் கீழே இறங்கிக்கொண்டே வரும். பத்துக்கு இருபது அடிக் கடையில், பிளாஸ்டிக்கும் ஃபோமும் செயற்கை இழைத் துணியும் எரிந்தால், அந்தப் போர்வை ஆள் உயரத்துக்கு வர ஓரிரு நிமிடங்கள் போதும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் வாசனையும் கிடையாது. தூங்குகிறவரை எழுப்பாமலே மயக்கிவிடும். பரணில் படுத்திருப்பவர் கூரைக்கு மிக அருகில் இருக்கிறார், புகை முதலில் தொடுவது அவரைத்தான். ஆகவே கடையில் ஆள் தங்க வேண்டிய கட்டாயம் இருந்தால் பரணில் படுக்க வைக்காதீர்கள். உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும் கதவு ஒன்று இல்லாத கடையில் யாரையும் இரவு தங்க வைக்கவே வேண்டாம். வெளியே பூட்டுப் போட்டு உள்ளே ஆளைத் தூங்க வைப்பது திருட்டுக்குப் பயந்து செய்வது. அதற்குக் கொடுக்கும் விலை என்ன என்பதை அந்தச் சேலைக் கடை காட்டிவிட்டது.

சட்டம் எந்தக் கடையைப் பார்க்கிறது

இந்தியாவின் தேசியக் கட்டிட விதித்தொகுப்பின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில், நான்காம் பகுதி முழுக்கத் தீ மற்றும் உயிர்ப் பாதுகாப்பு பற்றியது. அது கட்டிடங்களைப் பயன்பாட்டின்படி பிரிக்கிறது. வீடு ஒரு பிரிவு, பள்ளிக்கூடம் ஒரு பிரிவு என்று போய், கடைகள் 'எஃப்' பிரிவில் வருகின்றன. அதற்குள்ளும் மூன்று வகை: 500 சதுர மீட்டர் வரையுள்ள கடைகள், அதற்கு மேற்பட்டவை, தரைக்கு அடியில் இருக்கும் வணிக வளாகங்கள். 500 சதுர மீட்டர் என்றால் ஏறக்குறைய 5,380 சதுர அடி. நம் மளிகைக்கடையும் ஃபேன்சி ஸ்டோரும் 200, 300 சதுர அடி. அதாவது மிகச் சிறிய வகையின் உச்ச வரம்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

தமிழ்நாட்டில் கட்டிட அனுமதிக்கு அடிப்படை 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள். 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டினால்தான் அதில் உயர் கட்டிடம் என்ற கணக்கு. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, தண்ணீர்த் தொட்டி, பம்பு, ஹைட்ரன்ட், ஸ்பிரிங்ளர் என்று நாம் கேள்விப்படும் பெரிய ஏற்பாடுகளெல்லாம் பெரும்பாலும் உயரமான, பரப்பு அதிகமான கட்டிடங்களுக்கானவை. தெருக்கடை அந்த வலையின் கண்ணிகளுக்கு இடையே நழுவிவிடுகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கடையின் எந்த மூலையில் நின்றாலும் வெளியேறும் வழி 30 மீட்டர் தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது விதித்தொகுப்பு. நம் கடையின் ஆழமே 20 அடி, அதாவது 6 மீட்டர். தேர்வில் எளிதாகப் பாஸ். வெளியேறும் கதவு ஒரு மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும். நம் ஷட்டர் 8 அடி. அதிலும் பாஸ். ஆனால் கடை திறந்து மூன்று மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். வாசலில் ஒரு பக்கம் ஐஸ்கிரீம் ஃப்ரீசர், மறுபக்கம் சிப்ஸ் ஸ்டாண்டு, நடுவில் வாழைத்தார், தண்ணீர் கேன். 8 அடி ஷட்டரில் மனிதர் நடக்க மிஞ்சுவது இரண்டு அடி. விதி காகிதத்தில் நிறைவேறியிருக்கிறது, வழி அடைபட்டிருக்கிறது.

இதற்காகச் சட்டம் நம்மைக் கேட்கவே கேட்காது என்று நினைத்துவிடக் கூடாது. 1985இல் வந்த தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம், தீப்பிடிக்கும் ஆபத்துள்ள இடங்களில் முன்னெச்சரிக்கை எடுக்கச் சொல்லவும், ஆய்வு செய்யவும் துறைக்கு அதிகாரம் தருகிறது. மாநகராட்சி, நகராட்சியில் தொழில் உரிமம் எடுக்கப் போனால், சரக்கின் தன்மையைப் பொறுத்துத் தீயணைப்பு உரிமம் கேட்பார்கள். 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும் தீக்கு எதிரான முன்னெச்சரிக்கையைக் கடைக்காரரின் பொறுப்பாக்குகிறது. என் யோசனை எளியது. இடத்தை முடிவு செய்யும் முன், அந்தப் பகுதித் தீயணைப்பு நிலையத்துக்கு நேரே போங்கள். இன்ன தெரு, இத்தனை சதுர அடி, இன்ன வியாபாரம், மேலே வீடு இருக்கிறது என்று சொல்லி, என்ன உரிமம் வேண்டும், எத்தனை தீயணைப்பான் வேண்டும் என்று கேளுங்கள். நிலைய அலுவலருக்குத் தன் பகுதியில் எந்தச் சந்துக்குள் வண்டி நுழையும், எதற்குள் நுழையாது என்பது தெரியும். இடம் பார்க்கிற நேரத்தில் அதைவிட உபயோகமான தகவல் வேறு யாரிடமும் கிடைக்காது.

மதுரையில் 2020 தீபாவளி நேரத்தில் நடந்தது இதோடு சேர்ந்தது. நவபத்கானா தெருவில் பழைய கட்டிடம் ஒன்றில் இருந்த ஜவுளிக் கடையில் தீ. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் மீது கட்டிடம் இடிந்து விழுந்து இருவர் உயிரிழந்தார்கள். அவர்களும் தீபாவளியை வீட்டில் கொண்டாட வேண்டியவர்கள்தான். பழைய சுவரும் மரச் சட்டமும் உள்ள கட்டிடத்தில் துணியைக் கூரைவரை அடுக்குகிறோம் என்றால், நாம் பத்திரமாக வெளியே வந்துவிட்டாலும் நமக்காக உள்ளே போகிறவர் ஒருவர் இருக்கிறார். இடம் தேர்ந்தெடுக்கும்போது அவரையும் நினைக்க வேண்டும்.

சரக்குக்கு ஏற்ற தீ

மளிகை, ஸ்டேஷனரி, ஃபேன்சி போன்ற கடைகளுக்கு மேலே சொன்ன பொது விஷயங்களே போதும். சில சரக்குகளுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது, அவற்றில் விளையாட்டுக்கு இடமில்லை.

முதலில் பட்டாசு. தீபாவளிக்கு ஒரு மாதம் தற்காலிகக் கடை போடலாம் என்று பலரும் நினைப்பார்கள். 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் இதில் மிகத் தெளிவாக இருக்கின்றன. கொட்டகை தீப்பிடிக்காத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி. குடியிருப்பு, பள்ளி போன்ற பாதுகாக்கப்பட வேண்டிய இடங்களிலிருந்து 50 மீட்டர். கடைகள் எதிரெதிரே பார்த்தபடி இருக்கக் கூடாது. எண்ணெய் விளக்கும் திறந்த சுடரும் கூடாது. மின்விளக்கைச் சுவரிலோ கூரையிலோ அசையாமல் பொருத்த வேண்டும், வயரில் தொங்கவிடக் கூடாது. ஓர் இடத்தில் 50 கடைகளுக்கு மேல் கூடாது. நிரந்தரப் பட்டாசுக் கடை என்றால் செங்கல், கல் அல்லது கான்கிரீட் கட்டிடம், தரைத்தளம், 9 முதல் 25 சதுர மீட்டர் பரப்பு, வெளிப்பக்கம் திறக்கும் அவசரக் கதவு.

இவை ஏன் இப்படி இருக்கின்றன என்பதை நம் ஊர்ச் செய்திகளே சொல்லும். 2021 அக்டோபர் 26 அன்று கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்தில் பட்டாசு இருந்த கடையில் பிடித்த தீ பக்கத்துக் கடைகளையும் சேர்த்துக்கொண்டது, உயிர்கள் போயின. 2023 அக்டோபர் 7 அன்று ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில், பட்டாசுக் கடையும் கிடங்குமாக இருந்த இடத்தில் சரக்கு இறக்கும்போது தீப்பிடித்துக் குறைந்தது 14 பேர் இறந்தார்கள். பலர் தீபாவளி நேர வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து போன இளைஞர்கள். "மளிகைக் கடையில் ஒரு மூலையில் கொஞ்சம் வெடி வைத்து விற்றால் என்ன" என்று யாராவது கேட்டால், இந்த இரண்டு தேதிகளையும் சொல்லுங்கள்.

டீக்கடை, பஜ்ஜிக்கடை வைப்பவர்களுக்கு எரிவாயு. வீட்டுக்குத் தரும் 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் பயன்படுத்துவது சட்டவிரோதம், வணிகத்துக்கானது 19 கிலோ நீலச் சிலிண்டர். எரிவாயு உருளை விதிகளின்படி மொத்தம் 100 கிலோ வரை தனி உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம், அதாவது 19 கிலோ சிலிண்டர் ஐந்துக்கு மேல் போகக் கூடாது. சிலிண்டரில் இருக்கும் எல்பிஜி வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே பறந்து போகாது, தண்ணீர் போலத் தரையில் ஓடிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் தரைக்கு அடியில் உள்ள அறையில் சிலிண்டர் வைக்கவே கூடாது. எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஊற்றிய தண்ணீர் சட்டென்று ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரைவரை வாரியடிக்கும். அடுப்பை அணைத்து, சட்டியைப் பெரிய தட்டால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். அந்தத் தட்டு அடுப்புக்குப் பக்கத்திலேயே தொங்க வேண்டும்.

கிராமத்துப் பெட்டிக்கடைகளில் பாட்டிலில் பெட்ரோல் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். பெட்ரோலியச் சட்டம் உரிமம் இல்லாமல் அனுமதிப்பது விற்பனைக்கு அல்லாத 30 லிட்டரை மட்டும்தான். விற்பனை என்று வந்துவிட்டால் ஒரு பாட்டிலானாலும் அந்தச் சலுகை இல்லை. பெயின்ட் கடையில் இருக்கும் தின்னரும் ஏறக்குறைய அதே குணம் உள்ளது. டப்பாவின் மூடி சரியாக மூடவில்லை என்றால் ஆவி வெளியேறிக்கொண்டே இருக்கும், எங்கோ ஒரு சுவிட்சின் பொறி போதும்.

மொபைல் சர்வீஸ் கடை, மின்சார ஸ்கூட்டர் கடை வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது லித்தியம் பேட்டரி. உப்பிய பேட்டரிகளை ஒரு பெட்டியில் போட்டுக் கல்லாவுக்குக் கீழே தள்ளி வைக்காதீர்கள். இரவில் கடையைப் பூட்டிவிட்டு எதையும் சார்ஜில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். 2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில் மின்சார ஸ்கூட்டர் விற்பனைக் கடையில் பிடித்த தீயின் புகை மேலே இருந்த தங்கும் விடுதிக்குப் பரவி 8 பேர் இறந்தார்கள். அங்கும் புகை ஏறிய வழி படிக்கட்டுதான்.

வயர்

கடை எரிந்த செய்தி வரும்போதெல்லாம் "மின்கசிவு காரணமாக" என்று ஒரு வரி வரும். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு மூன்று வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, வயர் தாங்காத சுமை. முன்பு தையல் கடையாக இருந்த இடத்தில் நாம் ஃப்ரீசரும் ஏசியும் வைக்கிறோம். எம்சிபி, அதாவது வயரில் அளவுக்கு மீறி மின்சாரம் போனால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச், அடிக்கடி டிரிப் ஆகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், 16 ஆம்பியர் எம்சிபியைக் கழற்றிவிட்டு 32 போட்டுத் தருகிறார், டிரிப் ஆவது நின்றுவிடுகிறது. நமக்கும் நிம்மதி. ஆனால் சுவருக்குள் இருக்கும் வயர் அதே பழைய வயர். எம்சிபி இருப்பதே அந்த வயரைக் காப்பாற்ற. அதைப் பெரிதாக்கினால், இனி சூடாகி உருகப் போவது வயர்தான். டிரிப் ஆகிறது என்றால் மாற்ற வேண்டியது வயரை. பொதுவாக விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 என்று கணக்கு. இதை எலக்ட்ரீஷியனிடம் வாய்விட்டுக் கேட்கலாம், அவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இரண்டு, லூஸ் கனெக்‌ஷன். இது நயவஞ்சகமானது. திருகு தளர்ந்த இடத்தில் சாதாரண அளவு மின்சாரம் போனாலே சூடு ஏறும். மின்சாரத்தின் அளவு கூடாததால் எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. பிளக் முனை பழுப்பாவது, மெலிதாக ஒரு கருகிய வாசனை, விளக்கு மினுக்குவது எல்லாம் அதன் அறிகுறிகள். இவற்றை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

மூன்று, உண்மையான கசிவு. அதைப் பிடித்து மின்சாரத்தைத் துண்டிப்பது ஆர்சிசிபி என்ற சுவிட்ச். நம் எலக்ட்ரீஷியன்களில் பலர் இஎல்சிபி என்பார்கள். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் வகை ஆளின் உயிரையும் காக்கும். அதில் ஒரு டெஸ்ட் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும். துண்டிக்கவில்லை என்றால் அது வெறும் அலங்காரம்.

2018 பிப்ரவரி 2 இரவு மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் இருந்த கடைகள் எரிந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. சின்னச் சின்னக் கடைகள்தான். வியாபாரம் முடிந்த இரவு நேரம். முப்பதுக்கும் மேற்பட்ட கடைகள் போனதோடு, நூற்றாண்டுகள் நின்ற கல்தூண்களும் கூரையும் வெப்பத்தில் வெடித்து விழுந்தன. கல்லையே பிளக்கும் சூட்டை வளையலும் பொம்மையும் பிளாஸ்டிக் சாமானும் உண்டாக்கும் என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. கோயிலுக்குள் இருந்த கடைகள் அதற்குப் பிறகு அகற்றப்பட்டன.

கடை பூட்டிய பிறகு பிடிக்கும் தீ அதிகம் வளர்வதற்குக் காரணம், பார்க்க ஆள் இல்லாததுதான். இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. புதிதாக வயரிங் செய்யும்போதே இரண்டு லைனாகப் பிரித்துவிடச் சொல்லுங்கள். ஃப்ரிட்ஜ், சிசிடிவி போன்று இரவும் ஓட வேண்டியவை ஒரு லைன், மற்ற எல்லாம் இன்னொன்று. இரவு பூட்டும்போது இரண்டாவதை மொத்தமாக அணைத்துவிடலாம். இரவில் உயிரோடு இருக்கும் வயரின் நீளம் பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடும். தனி வயர் இழுக்கும் செலவு சில ஆயிரம்தான், ஆனால் ரேக் அடித்த பிறகு செய்யப் போனால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

வயரிங் பேசும்போதே சாமி படத்தையும் பேசிவிட வேண்டும். காலையில் கடை திறந்ததும் விளக்கேற்றி ஊதுபத்தி கொளுத்தாத கடை நம்மிடம் இல்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. விளக்குக்கு மேலும் பக்கத்திலும் இரண்டடிக்குப் பிளாஸ்டிக் மாலை, தெர்மோகோல், ஜரிகைத் தாள் எதுவும் வேண்டாம். ஊதுபத்தியை மணல் போட்ட பித்தளைக் கிண்ணத்தில் குத்துங்கள். பூட்டும் முன் விளக்கை மலை ஏற்றிவிட்டுத்தான் ஷட்டரை இறக்க வேண்டும்.

கூரைக்குப் பிவிசி பேனல் அடிப்பது இப்போது எல்லா ஊரிலும் வழக்கம். பளிச்சென்று இருக்கிறது, மலிவு. ஆனால் எரிந்தால் அதிலிருந்து வருவது ஹைட்ரஜன் குளோரைடு கலந்த புகை, கண்ணையும் தொண்டையையும் அறுக்கும். ஜிப்சம் போர்டு கொஞ்சம் கூடுதல் விலைதான், அது எரியாது. அலங்காரத்தில் வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் தலைக்கு மேலே இருப்பதில் பிடிக்காதீர்கள்.

சிவப்பு சிலிண்டர்

தீயணைப்பானில் ஏபிசி பவுடர் வகைதான் கடைகளுக்குப் பொதுவாகப் பொருந்தும். துணி, தாள், மரம் ஏ வகை, எண்ணெய், பெயின்ட் பி வகை, எரிவாயு சி வகை. மூன்றுக்கும் ஒரே பவுடர். ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள். அழுத்தமானி முள் பச்சையில் இருக்க வேண்டும். கடைக்குள் எங்கிருந்தும் 15 மீட்டருக்குள் ஒன்று எட்ட வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம், சின்னக் கடைக்கு ஒன்றே அந்தக் கணக்கில் அடங்கிவிடும். எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். பின்பக்கம் ஸ்டாக் ரூமில் மாட்டினால், அதை எடுக்கத் தீயைத் தாண்டி உள்ளே போக வேண்டும். வாசலுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். அப்போது அதை எடுக்கிறவர் வெளியேறும் வழிக்கு முதுகைக் காட்டியபடி நின்று அடிக்கலாம். முடியவில்லை என்றால் பின்னால் இரண்டு அடி வைத்தால் தெரு.

6 கிலோ சிலிண்டர் ஏறக்குறைய கால் நிமிடத்துக்குத்தான் வரும். பின்னைப் பிடுங்கி, ஆறேழு அடி தள்ளி நின்று, சுடரை விட்டுவிட்டு அடியைக் குறிவைத்து இடவலமாக வீச வேண்டும். ஜவுளிக் கடைக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பவுடர் மேலே எரியும் சுடரை அணைக்கும், துணி மூட்டைக்குள் கனன்றுகொண்டிருப்பதைத் தொடாது. அரை மணி கழித்து அது மறுபடி பற்றும். அதனால் அணைந்தது போலத் தெரிந்தாலும் 101ஐ அழைத்தே ஆக வேண்டும். மின்னணுப் பொருள் கடைகளில் பவுடர் எல்லாச் சர்க்யூட்டிலும் புகுந்து கெடுத்துவிடும், அங்கே கூடுதலாக ஒரு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு சிலிண்டரால் அடங்காத தீ நம் கைக்கு அடங்காத தீ. கல்லாவையும் கணக்குப் புத்தகத்தையும் எடுக்கத் திரும்பப் போகக் கூடாது. கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இதை நாமே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால், முதலாளி திட்டுவாரோ என்று பயந்து அவர்கள் திரும்பப் போவார்கள்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

இத்தனையையும் மனதில் வைத்துக்கொண்டு மறுபடி அந்தக் காலி அறைக்குப் போகலாம். பின்சுவருக்கு அந்தப் பக்கம் சந்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மூன்றடிக்கு ஓர் இரும்புக் கதவு வைக்க உரிமையாளர் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். உள்ளிருந்து தாழ்ப்பாள், வெளியே கைப்பிடிகூட வேண்டாம், திருட்டுப் பயமும் தீரும். சந்து இல்லை, மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர் என்றால், ஷட்டரிலேயே ஆள் நுழையும் சின்னக் கதவு ஒன்று வைக்கலாம். சூட்டில் தகடு நெளிந்தால் ஷட்டர் சட்டத்தில் சிக்கிக்கொண்டு தூக்க வராது, அப்போது அந்தக் கதவு உதவும். இரண்டுக்கும் உரிமையாளர் சம்மதிக்கவில்லை, மேலே குடியிருப்பவர்களின் படியும் கடைக்குள்தான் என்றால், முகப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த இடத்தை நான் எடுக்க மாட்டேன்.

சம்மதித்தால் வாய்வார்த்தையோடு விடாமல் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பின்கதவுச் செலவு யாருடையது, வயர் மாற்றும் செலவு யாருடையது, மீட்டர் பெட்டிக்குக் கீழே வண்டி நிறுத்தக் கூடாது என்பதை எல்லாக் குடித்தனக்காரர்களுக்கும் சொல்வது யார் பொறுப்பு, கட்டிடம் என்ன பயன்பாட்டுக்கு அனுமதி வாங்கியது. வீடு என்று அனுமதி வாங்கிய இடத்தில் கடை நடந்தால், உரிமம் எடுக்கும்போதும் இடிக்கும், காப்பீட்டுத் தொகை கேட்கும்போதும் இடிக்கும்.

காப்பீட்டில், மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரையுள்ள சிறு தொழில்களுக்கென்றே 'பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா' என்ற பொதுப் பாலிசி 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரீமியத்தைக் குறைக்க ஸ்டாக் மதிப்பைப் பாதியாகச் சொல்லாதீர்கள். பத்து லட்சம் சரக்கை ஐந்து லட்சம் என்று காட்டியிருந்தால், பாதிச் சரக்கு எரிந்தாலும் அந்த விகிதத்தில் வெட்டித்தான் பணம் வரும். தீபாவளி, பொங்கலுக்கு முன் சரக்கு இரண்டு மடங்காகும்போது தொகையையும் கூட்டச் சொல்லலாம். கொள்முதல் பில்லும் ஸ்டாக் நோட்டும் பெரும்பாலும் கல்லாவுக்குள்தான் இருக்கும், கடையோடு அவையும் எரியும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வீட்டில் இருப்பவருக்கு அனுப்பிவையுங்கள், ஞாயிறு மதியம் பத்து நிமிட வேலை.